மறுமொழியின் மொழி: கேரள எல்லைத் தமிழரும் தேசிய மனித உரிமைச் செயல்திட்டமும்

1993 ஜூனில் வியன்னாவில் கூடிய உலக மனித உரிமை மாநாடு, தேசியச் செயல்திட்டம் வகுப்பது குறித்து எண்ணிப்பார்க்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இந்தியாவில் தேசிய மனித உரிமைகள் ஆணையம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். செயல்திட்டத்தில் எந்தெந்த உரிமைகள் இடம்பெற வேண்டும் என்பது பலரும் பேசிய பொருள். அது நிறைவேறுகிறதா என்பதை எங்கே நின்று அளப்பது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுப்பவர் நிற்கும் இடத்தில் நின்று அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் இதற்குச் சான்று.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட தென் திருவிதாங்கூர்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. இன்றைய இடுக்கியைச் சேர்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. கொச்சி அரசின் கீழிருந்த சித்தூரும், சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்த பாலக்காடும் கேரளத்துக்குள் வந்தன. தமிழ் பேசுவோர் அன்றுமுதல் அங்கே மொழிச் சிறுபான்மையர்.

அவர்களுக்குச் சட்டக் காப்பு இல்லாமலில்லை. அரசமைப்பின் 350ஆம் பிரிவு, குறைதீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க உரிமை தருகிறது. மறுமொழி எந்த மொழியில் வர வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியைக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் நிரப்பியது: தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே வர வேண்டும். ஆனால் மற்ற சிறுபான்மை மொழியினருக்கு அது ஆங்கிலத்தையே வழியாகக் காட்டுகிறது. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் இருளமொழி பேசும் மூதாட்டியை இந்த ஏற்பாட்டின் முன் நிறுத்திப் பார்த்தால் அதன் போதாமை விளங்கும்.

மொழியோடு ஆவணமும் தடையாகிறது. சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். மாநிலம் விட்டு மாநிலம் பெயர்ந்தவர் புதிய இடத்தில் பட்டியல் சாதிச் சலுகை கோர முடியாது என்று 1990இல் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கப்படுகிறது. பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகியோரின் பெயர்கள் கேரளப் பட்டியலிலும் உண்டு. ஆனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே மூப்படைந்தவரிடம் பட்டாவோ வரி ரசீதோ ஏது? குடியிருக்கும் வீடு கம்பெனியுடையது. வேலை ஓய்ந்தால் அதையும் காலி செய்ய வேண்டும். தலைமுறைக்கணக்கில் கொழுந்து கிள்ளியதற்குச் சாட்சி, கம்பெனியின் பழைய பேரேடு மட்டுமே. தன் இருப்பை மெய்ப்பிக்கும் சுமையை ஆவணமே இல்லாதவர் தலையில் ஏற்றுவது நீதியன்று.

மாநில மொழியைக் கற்றுக்கொண்டால் சிக்கல் தீராதா என்று கேட்கலாம். இளையோர் கற்கிறார்கள், கற்கவும் வேண்டும். ஆனால் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த தாய்க்கு வரும் நோட்டீசை மகன் வாசித்துக் காட்டுவது குடும்ப உதவி. அது அரசின் கடமைக்கு ஈடாகாது. மொழி மட்டும் போதும் என்பதுமில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றில் ‘பொம்பிளை ஒருமை’யாகத் திரண்ட தோட்டப் பெண்கள், தொழிற்சங்கங்களை விலக்கிவைத்துச் சாலையில் அமர்ந்த பிறகே 20 சதவீதம் பெற்றார்கள்: 8.33 சதவீதம் போனஸ், மீதி கருணைத்தொகை. தொழிற்சங்கமும் தொழிலாளர் துறையும் இருந்தும் வீதிதான் கேட்கும் இடமாயிற்று.

ஆகவே செயல்திட்டம் ஒவ்வோர் உரிமைக்கும் மூன்றை வரையறுக்க வேண்டும்: பொறுப்பு அதிகாரி யார், எத்தனை நாளில் முடிவு, எந்த மொழியில் பதில். தோட்டப் பேரேடுகளைத் தேடித் தொகுப்பது மனுதாரர் வேலையாக இல்லாமல் வருவாய்த் துறையின் வேலையாக வேண்டும். 350பி பிரிவின்கீழ் உள்ள மொழிச் சிறுபான்மையர் ஆணையரின் அறிக்கை நாடாளுமன்ற மேசையில் வைக்கப்படுவதோடு நின்றுவிடாமல், மாநில அரசு அதற்குக் குறித்த காலத்தில் பதில் சொல்ல வேண்டும். அதிகாரி, காலம், மொழி ஆகிய மூன்றும் வரையறுக்கப்படாத திட்டம் டெல்லியில் எவ்வளவு விமரிசையாகத் தொடங்கப்பட்டாலும் தேவிகுளத்துக்கு வந்து சேராது.