குரவுட்வில்லும் தெல்லிப்பழையும்

தென்னாபிரிக்காவின் அல்பேர்ட் லுதூலியையும் இலங்கைத் தமிழரின் தந்தை செல்வாவையும் அருகருகே வைத்துப் பார்க்க முதலில் தூண்டுவது ஆண்டுக்கணக்குத்தான். செல்வா பிறந்தது 1898 மார்ச் 31இல். லுதூலி தம் பிறப்பாண்டைத் தாமே கணக்கிட்டு, அதுவும் 1898 என்றே சொன்னார். எந்த மக்களுக்காக வாழ்ந்தார்களோ அந்த மக்களின் மண்ணில் இருவருமே பிறக்கவில்லை. செல்வா மலாயாவின் ஈப்போவில் பிறந்தார். லுதூலி ரொடீசியாவில், புலவாயோவுக்கு அருகிலிருந்த ஒரு மிஷன் நிலையத்தில் பிறந்தார். இருவரும் சிறுவயதிலேயே முன்னோரின் ஊருக்குக் கொண்டுவரப்பட்டனர்: ஒருவர் தெல்லிப்பழைக்கு, மற்றவர் நேட்டாலின் குரவுட்வில்லுக்கு.

இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். அப்படி விட முடியாத ஒன்று அந்த இரண்டு ஊர்களின் வரலாற்றில் இருக்கிறது. 1816இல் தெல்லிப்பழையில் காலூன்றிய மிஷனரிமாரும், 1835இல் நேட்டாலை அடைந்த அல்டின் குரவுட்டும் ஒரே வாசலிலிருந்து புறப்பட்டவர்கள். பொஸ்ரனில் இயங்கிய அமெரிக்கச் சபைதான் இரு திசைக்கும் ஆள் அனுப்பியது. செல்வா படித்த தெல்லிப்பழை யூனியன் கல்லூரியும், லுதூலி படித்துப் பின்பு கற்பித்த அடம்ஸ் கல்லூரியும் அந்தச் சபையின் வழிவந்தவை. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பள்ளிகளைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். அவற்றுக்கு ஆபிரிக்கக் கரையில் உடன்பிறப்புகள் இருந்ததையும், அங்கிருந்தும் இப்படியொருவர் வந்ததையும் ஏனோ எழுதாமல் விட்டோம்.

இருவரும் முதலில் ஆசிரியர்களானார்கள். பிறகு செல்வா வழக்கறிஞரானார், லுதூலி தம் ஊரின் தலைவரானார். இருவரும் கடைசிவரை கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள். ஆனால் அந்த மதம் இருவருக்கும் வைத்த சோதனை ஒன்றல்ல. சைவர்கள் பெரும்பான்மையான காங்கேசன்துறைத் தொகுதியில் செல்வா 1952இல் தோற்றபோது அவருடைய மதமும் பேசப்பட்டது. 1956இல் அதே வாக்காளர்கள் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தம் மக்களிடம் அப்படியொரு கேள்வியை லுதூலி எதிர்கொள்ளவில்லை. அவர் வேதத்தைக் கையில் வைத்து வாதாட வேண்டியிருந்தது, தன்னையும் கிறிஸ்தவ அரசு என்று அழைத்துக்கொண்ட ஓர் ஆட்சியோடு.

லுதூலி தமிழ் மண்ணிலும் கால் வைத்திருக்கிறார். 1938இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டுக்கு வந்த பேராளர்களில் அவரும் ஒருவர். இருவரும் பின்பற்றிய அறவழிக்குரிய காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பும் குரவுட்வில்லும் டேர்பனுக்கு வடக்கே ஒரே கரையோரத்தில் இருப்பவை. ஆகவே காந்தியை லுதூலிக்குக் கடல்கடந்து வந்த கொள்கையாகச் சொல்வது பொருந்தாது. செல்வாவுக்கோ காந்தி பாக்குநீரிணையைக் கடந்து வந்தவர்.

போராட்டக் களத்தில் இருவரையும் இணைப்பது ஒரு துண்டுக் காகிதம். ஷார்ப்வில் படுகொலை நடந்த சில நாளில், 1960 மார்ச் 26இல், லுதூலி பிரிட்டோரியாவில், கறுப்பர்கள் எப்போதும் வைத்திருக்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டில் தம்முடையதைப் பலரறியத் தீயிட்டார். அடுத்த ஆண்டு பெப்ரவரி 20இல் செல்வாவின் தலைமையில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம், ஏப்ரல் 14இல் தமிழரசுத் தபால் சேவையாகவும் வளர்ந்து தனக்கென முத்திரை வெளியிட்டது. அரசு கொடுத்த காகிதத்தை ஒருவர் அழித்தார். அரசு மட்டுமே அச்சிடலாம் என்றிருந்த காகிதத்தை மற்றவர் அச்சிட்டார். இரண்டுக்கும் கிடைத்த பதில் அவசரகாலச் சட்டமும் தடுப்புக் காவலும்தான்.

பதவியை அவர்கள் நடத்திய விதமும் ஒத்துப்போகிறது. ஆபிரிக்க தேசிய காங்கிரஸா ஊர்த் தலைமைப் பதவியா என்று 1952இல் கேட்கப்பட்டபோது லுதூலி எதையும் விட மறுத்தார். அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1972 யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று மக்களிடமே கேட்கட்டும் என்று செல்வா தம் ஆசனத்தைத் துறந்தார்; அரசு இடைத்தேர்தலை 1975 பெப்ரவரிவரை இழுத்தடித்தது. அவர் பெருவெற்றி பெற்றார்.

ஆனால் இந்த இடத்தில்தான் ஒப்புமை முறிகிறது. முறிவதையும் பார்க்கத்தான் வேண்டும். லுதூலி வாக்குரிமையே மறுக்கப்பட்ட பெரும்பான்மையின் தலைவர். செல்வா, வாக்கு இருந்தும் எண்ணிக்கையில் தோற்றுக்கொண்டே இருந்த சிறுபான்மையின் தலைவர். பிரதமர் ஒருவரோடு உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதும் வாய்ப்பு லுதூலிக்குக் கிட்டவேயில்லை. செல்வாவுக்கு 1957இலும் 1965இலும் இருமுறை கிட்டியது. முதலாவது கிழிக்கப்பட்டது, இரண்டாவது நடைமுறைக்கு வராமலே போனது. கதவு திறக்காத வீட்டின் முன் நிற்பதைவிட, திறந்து உட்காரவைத்து அனுப்பிய வீட்டிலிருந்து திரும்புவது கசப்பானது. எழுபதுகளின் இளைஞர் பொறுமையிழந்ததற்கு இந்தக் கசப்பு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

தொண்டைமானாற்றிலிருந்து இதை எழுதுவதால் அந்த இளைஞரைத் தாண்டிப் போக முடியாது. நீரேரிக்கு மேற்கே செல்வாவின் வலிகாமம். கிழக்கே வடமராட்சி, ஆயுதமேந்திய முதல் தலைமுறையினரில் ஒருவரான தங்கத்துரை தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். 1964 ஏப்ரல் 20இல் பிரிட்டோரியாவில் மண்டேலாவும், 1983 பெப்ரவரியில் கொழும்பில் தங்கத்துரையும் குற்றவாளிக் கூண்டில் நின்று தங்கள் வழியின் காரணத்தைச் சொன்னார்கள். மண்டேலா 27 ஆண்டு சிறையிருந்து வெளியே வந்தார். தங்கத்துரை அந்த ஜூலையிலேயே வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். தென்னாபிரிக்காவில் ஆயுதப் பிரிவு காங்கிரஸோடு பிணைந்தே வளர்ந்தது. இங்கே இயக்கங்கள் கட்சிக்கு வெளியே வளர்ந்து, ஒன்றையொன்று அழித்தன. செல்வாவுக்குப் பின் கட்சியை நடத்திய அமிர்தலிங்கம் 1989இல் தமிழ் இளைஞர்களின் துப்பாக்கியாலேயே இறந்தார்.

இந்த மாற்றத்தின் வேளையில் இரு முதியவர்களும் என்ன நினைத்தார்கள்? இருவரையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதன் உண்மையான பயன் இந்தக் கேள்வியில் இருக்கிறது. 1961 டிசம்பர் 10இல் ஒஸ்லோவில் லுதூலி சமாதானத்துக்கான நொபெல் பரிசை வாங்கினார். ஆறு நாள் கழித்து, டிசம்பர் 16இல், அவருடைய கட்சித் தோழர்களின் முதல் குண்டுகள் வெடித்தன. இரவு முழுக்க நடந்த வாதத்தின் முடிவில் ஆயுதப் போராட்டத்துக்கான தனி அமைப்புக்கு அவர் இசைந்தார் என்பது மண்டேலாவின் கூற்று. கடைசிவரை அவர் மனம் இசையவில்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. 1976 மே 14இல் பண்ணாகத்தில் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கும் இதே கதி. அதற்குத் தலைமை தாங்கியவர் செல்வா. அவர் தனிநாட்டை முழு மனதோடு கோரினார் என்பாரும் உண்டு. சமஷ்டிக்கு வழி அடைபட்டபின் வேறு வழியின்றி ஒப்பினார் என்பாரும் உண்டு.

அவர்களிடமே கேட்டுத் தெளியவும் முடியாமற்போயிற்று. லுதூலியின் பேச்சை மேற்கோள் காட்டுவதே தென்னாபிரிக்காவில் குற்றமாக்கப்பட்டிருந்தது. ஊரெல்லைக்குள் அடைக்கப்பட்ட அவருடைய செவியும் பார்வையும் மங்கிவந்தன. பார்க்கின்சன் நோய் செல்வாவின் குரலைக் கேட்க முடியாத அளவுக்குத் தாழ்த்தியிருந்தது. ஒருவரை அரசு வாயடைத்தது, மற்றவரை நோய். அந்த இடைவெளியில் இருவருக்காகவும் பிறர் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். தமிழரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று செல்வா சொன்னதாக வழங்கும் வாசகத்தைக்கூட ஒவ்வொரு கட்சியும் தனக்கேற்ற பொருளில் எடுத்துக்கொள்கிறது.

நினைவைப் பேணுவதில் தென்னாபிரிக்கா வெகுதூரம் போயிருக்கிறது. யோகான்னஸ்பேர்க்கில் ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் தலைமையகம் லுதூலியின் பெயரைத் தாங்குகிறது. குரவுட்வில் வீடு 2004 முதல் அரும்பொருளகம். இங்கே யாழ் பொது நூலகத்துக்கு அருகே செல்வாவுக்கு எழுந்த தூபியில், அவர் மறைந்த நாளான ஏப்ரல் 26 தோறும் மாலை விழுகிறது. மாலையைக் குறைசொல்ல மாட்டேன். அந்த நாளில் அந்தத் தூபியடிக்குப் போகாதவனும் அல்ல நான். ஆனால் லுதூலிக்கு அவர்கள் செய்த ஒன்றை நான் பெரிதாக மதிக்கிறேன். 1967இல் சரக்குத் தொடருந்து மோதி இறந்தார் என்று எழுதி மூடிய கோப்பை 2025இல் மறுபடி திறந்தார்கள். அவர் தாக்கப்பட்டே இறந்தார் என்று பீட்டர்மரிட்ஸ்பர்க் மேல்நீதிமன்றம் அதே ஆண்டு தீர்ப்பளித்தது. செல்வாவின் மரணத்தில் விசாரிக்க எதுவுமில்லை. விசாரிக்க வேண்டியது பண்ணாகம். அங்கே யார் என்ன பேசினார்கள், வரைவில் எந்தச் சொல் எப்போது நுழைந்தது, தலைவர் எதற்குத் தலையசைத்தார் என்பதையெல்லாம் ஓர் ஏப்ரல் 26 கூட்டமாவது ஆவணங்களை மேசையில் விரித்து, எதிரெதிர் தரப்பினரை அருகருகே உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.