மருதையாற்றுப் பாலமும் முதல் ஒரு நிமிஷமும்

1956 நவம்பர் 23. அரியலூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது "ரயில் கவிழ்ந்த வருஷம்". (51 ஆண்டு கழித்து, 2007இல், பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே நவம்பர் 23தான்! 1956இல் இரண்டு ஊருமே திருச்சி ஜில்லா.)

முந்தின இரவு எழும்பூரில் கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், விடியற்காலையில் அரியலூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அடைமழை. மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் முன்பக்கத்துப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போய்விட்டன. இறந்தவர்கள் 140க்கு மேல். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். பள்ளிக்கூடத்தில் நாம் படித்ததெல்லாம் அந்த ராஜினாமாவைத்தான். கரையேற்றிய ஆட்களில் முதலில் யாரைப் பார்ப்பது என்ற கேள்வியை எந்தப் பாடப்புத்தகமும் கேட்கவில்லை. நர்ஸ்களான நமக்கு அதுதானே பெரிய கேள்வி?

அந்தக் கேள்விக்கு யுத்தகளத்தில் மட்டும் அப்பவே விடை இருந்தது. நெப்போலியன் படையின் சர்ஜன் லாரே, பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார் என்று விதி வைத்தார். ஜெனரலானாலும் சிப்பாயானாலும் உயிருக்கு ஆபத்தான காயம் முதலில். 'ட்ரையாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வகைபிரித்தல் என்றுதான் அர்த்தம். ஊர்நாட்டு விபத்துக்கென்று எளிய முறை வர 1983 ஆயிற்று. அந்த வருஷம் கலிஃபோர்னியாவில் ஓர் ஆஸ்பத்திரியும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து 'ஸ்டார்ட்' முறையை வகுத்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நிமிஷத்துக்குள்தான். நடக்க முடிந்தவர் பச்சை. மூச்சு நிமிஷத்துக்கு 30க்கு மேல் போனால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி கிடைக்காவிட்டாலும், சொன்ன பேச்சைக் கேட்டுச் செய்யாவிட்டாலும் சிவப்புதான். மற்றவர் மஞ்சள். தலையைச் சாய்த்து மூச்சுக்குழலைத் திறந்தும் மூச்சு வரவில்லையா, கறுப்பு. அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகணும்.

சொல்ல எளிது. பெற்றவள் பக்கத்தில் நின்று அழும்போது கறுப்புச் சீட்டுக் கட்டுகிற கை நடுங்காதா? சத்தம் போடுகிறவருக்கு மூச்சு இருக்கிறது, சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போ என்பதும் மனசுக்கு எதிரான காரியம்தான்.

ஆனால் மருதையாற்றில் இந்த விதியை அப்படியே வைத்தால் தப்பாகிவிடும். நீரில் மூழ்கியவருக்கு மூச்சுதான் முதலில் நிற்கும். இதயம் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சில ஊதல் கொடுத்தால் பிழைக்கிற ஆள் உண்டு. அவருக்குக் கறுப்புக் கட்டலாமா? கை காலியாக இருந்தால் ஊதிப் பார், நாலு சிவப்பு காத்திருந்தால் யோசி என்பேன் நான். விதியை மனப்பாடம் செய்தவளும் விதி எதற்கு என்று தெரிந்தவளும் பிரிகிற இடம் இதுதான். 1956இல் அந்தச் சில ஊதலும் பழக்கத்தில் இல்லை. குப்புறப் படுக்கவைத்து, முதுகை அழுத்திக் கையைத் தூக்குகிற ஹோல்கர் நீல்சன் முறைதான் அன்றைய முதலுதவி. வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேல் என்று சாஃபர் நிரூபித்தது 1950களின் கடைசியில். மார்பை அழுத்தும் முறை 1960இல். ஆற்றங்கரைக்கு எவ்வளவு பெரிய டாக்டர் வந்திருந்தாலும் அதற்குமேல் செய்திருக்க முடியாது.

இன்று நிலைமை வேறு. 2008 முதல் 108 ஓடுகிறது. 'தாய்' திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இடம் பிரித்திருக்கிறார்கள். 2022இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. பெரம்பலூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை, அரியலூரில் சிமெண்ட் லாரிகள். வேலைக்குக் குறைவில்லை! வாசலில் நின்று கலர் சொல்கிறவர் பெரும்பாலும் ஒரு சிஸ்டர்தான். பத்து மணிக்கு மஞ்சளில் பேசிக்கொண்டிருந்தவர், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் பத்தேகாலுக்குச் சிவப்பு. கலர் போட்டதோடு விடாமல், அந்த சிஸ்டர் மறுபடி போய் நாடி பிடித்துப் பார்க்கிறார்.