ஆடித்தபசின் இரண்டாம் காட்சி

சங்கரன்கோவில் ஆடித்தபசு விழாவைச் சைவ, வைணவப் பூசலைத் தணிக்க எழுந்த சமரசச் சடங்காகக் கொள்வது ஆய்வாளர் பலர் வழிவழியாக ஏற்றுவரும் கருத்து. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது தலபுராணம், அதாவது கோயிலின் தோற்றத்தையும் பெருமையையும் கூறும் மரபுக்கதை. சிவனடியானாகிய சங்கன், திருமாலடியானாகிய பதுமன் என்னும் நாக அரசர் இருவர் தத்தம் தெய்வமே பெரிதென வாதிட்டு உமையிடம் முறையிட, அவள் புன்னைவனத்தில் தவம் நின்று, ஆடி மாத உத்திராட நாளில் அரியும் அரனும் ஓருருவாகிய சங்கரநாராயணரைக் கண்டாள் என்பது கதை. கதை இவ்வளவே எனில் சமரச விளக்கத்தில் குறை காண இடமில்லை. ஆனால் கதையும் இங்கே முடியவில்லை, விழாவும் முடியவில்லை.

தபசு நாளில், இக்கோயிலில் உமையின் வடிவான கோமதி அம்மன் தங்கச் சப்பரத்தில் தபசு மண்டபத்துக்கு எழுந்தருள, மாலையில் சுவாமி சங்கரநாராயணராக ரிஷப வாகனத்தில் வந்து காட்சி கொடுக்கிறார். அதே இரவில் அம்மன் மீண்டும் மண்டபத்துக்கு வர, சுவாமி இம்முறை சங்கரலிங்கராக யானை வாகனத்தில் வருகிறார். ஓருருவைக் கண்ட பின்னர் இறைவனின் சொந்த உருவையே காண வேண்டும் என அம்மன் கேட்டுக்கொண்டதாகவும், அவர் அவ்வாறே லிங்க வடிவானதாகவும் தலக்கதை காரணம் கூறுகிறது. நாகர்களின் வழக்கு முதற் காட்சியிலேயே தீர்ந்துவிட்டது. இரண்டாம் காட்சிக்கு அவர்கள் தேவையில்லை. அப்படியிருக்க, அது யாருக்காக என்ற வினாவைச் சமரச விளக்கம் எழுப்பவே இல்லை.

விடையைச் சங்கரநாராயணரின் உருவ அமைப்பிலேயே தேடலாம். அவ்வுருவில் வலப்பாகம் சிவன், இடப்பாகம் திருமால். அர்த்தநாரி வடிவில், அதாவது சிவனும் உமையும் பாதிப்பாதியாக இணைந்த திருவுருவில், அந்த இடப்பாகம் உமைக்கு உரியது. திருமாலோ தமிழ் மரபில் உமைக்கு அண்ணன். மதுரைத் திருக்கல்யாணத்தில் தங்கையைத் தாரைவார்த்துக் கொடுப்பவர் அவரே. ஆகவே, அரியும் அரனும் ஒன்றெனத் தான் கொண்ட கொள்கை நிறைவேறிய அக்கணத்தில் மனைவி தன் கணவனிடம் தனக்கிருந்த இடத்தில் அண்ணன் நிற்கக் காண்கிறாள். ஊராருக்கு வழக்குத் தீர்ந்த நேரம், அவளுக்கு மணவாழ்வின் கேள்வி தொடங்கும் நேரமாகிறது. அவள் தன் கொள்கையைக் கைவிடவில்லை. ஓருருவை வணங்கிய பின்னரே கணவனைக் கணவனாகக் கேட்கிறாள். இவ்வாறு கொண்டால், ஆண்டுதோறும் ரத வீதியில் மீண்டும் நிகழ்த்தப்படும் ஆடித்தபசைக் கொள்கைப்பற்றும் இல்லறமும் ஒன்றையொன்று சோதிக்கும் குடும்ப நாடகம் எனல் தகும்.

தேவாரத்திலேயே திருமாலைச் சிவனின் தேவியாகக் கொள்ளும் பார்வை உண்டு என்பதால், இடப்பாகத்தில் நிற்பவர் யாராயினும் சக்தி ஒன்றே என மறுக்கலாம். தத்துவமாக அது சரி. சடங்கு அப்படிக் கருதவில்லை. அம்மன் தனியே, எதிரே நிற்கிறாள். சங்கரலிங்கருக்கும் தனிச் சந்நிதி இருப்பதால் அவருக்கும் ஓர் எழுந்தருளல் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பது இன்னொரு மறுப்பு. சேர்க்கப்பட்ட காலம் எதுவாயினும், சங்கரலிங்கரை முன்னதாக அன்றிப் பின்னதாக வைத்த வரிசைக்கு அது விடையாகாது. இக்கோயிலில் ஐப்பசியில் திருக்கல்யாணம் நடப்பதால் ஆடியில் தவமிருப்பவள் இன்னும் மணமாகாதவள் என்ற வாதம் நெடிது பேசத் தக்கதன்று. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் திருக்கல்யாணம் ஐப்பசியில்தான் என்பதால், அம்மாதத்தை இத்தலக்கதையின் வரிசைக்குச் சான்றாக்க இயலாது.

விழாவுக்கு வருவோர் எப்பக்கம் நிற்கின்றனர் என்பதும் கருதத் தக்கது. கொடியேறிய பின் கோயிலைப் பலமுறை வலம்வரும் ஆடிச்சுற்றை மேற்கொள்வோர், ஒற்றைக்காலில் நிற்கும் அம்மனின் கால்வலியைத் தாங்கள் பகிர்ந்துகொள்வதாக நம்புகின்றனர். தபசுக் காட்சியின்போது உழவர்கள் தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் நெல்லையும் மிளகாய் வற்றலையும் சூறைவிடுவது, அதாவது கைநிறைய அள்ளி வீசுவது, அம்மனை நோக்கியே. நாகர் வழக்கின் தீர்ப்பைக் கேட்க வந்த கூட்டத்தின் செயலாக இவற்றைக் கொள்வது கடினம்.

நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) இங்கே ஒப்பிடத் தக்கது. அதில் நோரா கணவனிடம் ஓர் அற்புதத்தை எதிர்பார்த்து, அது நிகழாதபோது வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். கோமதியோ முதலிலேயே வெளியேறி, அற்புதம் நிகழ்ந்த பின்னும் நிறைவடையாமல் இன்னொன்று கேட்கிறாள். இருமுறையும் வீதிக்கு இறங்கி வர வேண்டியவர் கணவரே. இவ்வொப்பீட்டை மிகையாக நீட்டலாகாது, ஏனெனில் ஒன்று தனியாசிரியரின் படைப்பு, மற்றது பல தலைமுறைகள் சேர்ந்து வடித்த சடங்கு. எனினும் மனைவியின் வேண்டுகோளை நாடகத்தின் அச்சாகக் கொள்ளும் துணிவு சங்கரன்கோவிலுக்குப் புதிதன்று. அதைக் காணத் தவறியவர்கள் மாலைக் காட்சியோடு எழுந்து போய்விட்டவர்களே.