திருமயம் கோட்டை: சேதுபதியின் காவலரணும் தொண்டைமானின் அடைக்கலமும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே கோட்டை கட்ட நினைத்தவனுக்கு மலை வாய்த்ததில்லை; மண்தான் வாய்த்தது. 2023இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாயத் தொடங்கிய பொற்பனைக்கோட்டையும் அகழி சூழ்ந்த மண்மதில்தான். மாவட்டத்தின் தென்மேற்கே போனால் நிலத்தின் போக்கே வேறு. புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிச் சாலையில் சுமார் 20 கி.மீ. தள்ளி, மொட்டைப் பாறையொன்றை வளைத்து நிற்கிறது திருமயம் கோட்டை.

கோட்டைக்கு முன்பே பாறைக்கு நெடிய வரலாறு உண்டு. அதன் தென்சரிவில் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் ஆகிய இருவருக்கும் அருகருகே குடைவரைகள். பள்ளிகொண்ட பெருமாளைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். சிவன் குடைவரையில் குடுமியான்மலை இசைக் கல்வெட்டை நினைவூட்டும் இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. அதில் பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, 13ஆம் நூற்றாண்டில் வேறொரு சாசனத்தை வெட்டினார்கள். இரு கோயிலாருக்கும் இடையே நெடுநாள் நீடித்த தகராறை 1245இல் போசளத் தண்டநாயகன் அப்பண்ணன் முன்னின்று தீர்த்துவைத்த செய்தி அது. வழக்கு முடிந்தது, போனது இசை. தமிழ் இசை வரலாற்றுக்கு இது சின்ன இழப்பல்ல.

கோட்டையை 1687இல் எழுப்பியவர் இராமநாதபுரம் கிழவன் சேதுபதி. இந்த ஆண்டை அதற்கு முந்தைய ஆண்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தம் மனைவி காதலி நாச்சியாரின் உடன்பிறந்தவரான ரகுநாதராயத் தொண்டைமானைப் புதுக்கோட்டைச் சீமைக்கு அவர் தலைவராக்கியது 1686இல். மைத்துனருக்கு நாட்டைக் கொடுத்த கையோடு அந்த நாட்டின் தெற்கு வாசலில் தமக்கென ஒரு கோட்டையையும் கட்டிக்கொண்டார். தஞ்சைப் படைக்கு எதிரான வடஎல்லைக் காவல் என்றே இதை வழக்கமாகச் சொல்வார்கள். மைத்துனர்மேலும் ஒரு கண் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

1710இல் கிழவன் மறைந்ததும் சேதுநாடு வாரிசுச் சண்டையில் சிக்கியது. அந்தக் குழப்பத்தினூடே திருமயம் தொண்டைமான் வசம் வந்தது. 1730களில் தஞ்சைத் தளபதி ஆனந்தராவ் புதுக்கோட்டைச் சீமைக்குள் புகுந்தபோது, பட்டத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த விஜயரகுநாதராயத் தொண்டைமான் இந்தப் பாறைமேல்தான் ஒதுங்கினார். முற்றுகையைக் கோட்டை தாங்கியது. சேதுபதி தம் எல்லைக்காகக் கட்டிய மதில், தொண்டைமான் வம்சத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. திருமயத்தின் வரலாற்றில் முதன்மையான நிகழ்ச்சி இதுதான்.

ஊரார் வாயில் இது ஊமையன் கோட்டை. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை இங்கே அடைத்துவைத்திருந்தார்கள் என்பது வழக்கு. 1799இல் கட்டபொம்மன் திருக்களம்பூர்ப் பக்கம் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பியது பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து, திருமயத்திலிருந்து அல்ல. எனினும் கட்டிய சேதுபதியின் பேரும் ஆண்ட தொண்டைமானின் பேரும் ஒட்டாத இடத்தில், காட்டிக்கொடுக்கப்பட்டவரின் தம்பி பேர் ஒட்டிக்கொண்டதை வெறும் பிழையென்று தள்ள முடியாது. தொண்டைமான் செய்ததைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பதற்கு அந்தப் பேரே சான்று.

ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்கிறார்கள், எஞ்சியவை நான்கு. அகழியும் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. உள்மதில் அடியில் கருங்கல், மேலே செங்கல் கைப்பிடிச் சுவர். அதில் துப்பாக்கி நீட்டத் துளைகள். உச்சி மேடையில் பீரங்கி ஒன்று. மழைநீர் தேங்கும் சுனைகளும் உண்டு. அவை இல்லாமல் இந்தப் பாறையில் முற்றுகையைத் தாங்கியிருக்க முடியாது. ஏறும் வழியில் பலர் பார்க்காமல் போகும் இடம், மேற்குச் சரிவில் பாறையைக் குடைந்த சிற்றறை. இரும்பு ஏணியில் ஏறினால் சதுர ஆவுடையார்மேல் லிங்கம். மதிலைவிடப் பல நூற்றாண்டு மூத்தது அது. கோட்டை கட்டியவர்கள் அதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள்.

1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இப்போது கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. பகலில் கட்டணச் சீட்டு வாங்கி ஏறலாம். ஆனால் காரைக்குடிச் சாலையில் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை நிற்பது மதிலோரத்துக் கோட்டை பைரவர் சந்நிதியில். ஓட்டுநர்கள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மேலே ஏறுகிறவர்கள் சிலர்தான்.