நெஞ்சுக்குள் கட்டி: சி.டி. எடுத்த பிறகும் எம்.ஆர்.ஐ. கேட்பது ஏன்?

புன்னைக்காயலில் இருந்து தூத்துக்குடிக்கு ஸ்கேன் எடுக்கப் போனால், அன்றைக்குக் கடல் தொழில் போச்சு. சி.டி. முடிந்த கையோடு "எம்.ஆர்.ஐ.யும் எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் சொன்னால், 'எதுக்கு இன்னொரு செலவு?' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், தேவையில்லாத ஆபரேஷனைத் தவிர்க்க அந்த ஸ்கேன் உதவலாம்.

கட்டி எந்த இடத்தில்?

இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில் உள்ள பகுதிக்கு மீடியாஸ்டைனம் என்று பெயர். இதன் முன்பக்கம் தைமஸ் சுரப்பிக் கட்டி, லிம்போமா போன்றவை வரும். நடுவில் நீர்க்கட்டி, வீங்கிய நிணநீர் முடிச்சுகள். பின்னால், முதுகெலும்பை ஒட்டி நரம்புக் கட்டிகள். இந்த இடம்தான் டாக்டருக்குக் கிடைக்கும் முதல் துப்பு.

எம்.ஆர்.ஐ. எதைக் காட்டும்?

நீர்க்கட்டியா, சதைக்கட்டியா: உள்ளே ரத்தமோ, புரதம் கலந்த கெட்டியான நீரோ இருந்தால், நீர்க்கட்டியும் சி.டி.யில் சதைக்கட்டி போலவே தெரியும். எம்.ஆர்.ஐ.யில் ஊசி மருந்து செலுத்திப் பார்த்தால், நீர்க்கட்டியின் உட்பகுதி அந்த மருந்தை ஏற்காது. சதைக்கட்டி ஏற்கும்.

தைமஸ் வீக்கமா, கட்டியா: கீமோதெரபிக்குப் பிறகு சிலருக்கு தைமஸ் பெரிதாகும். இது புற்றுநோய் அல்ல. அதில் கொழுப்பு கலந்திருப்பதால், குறிப்பிட்ட வகை எம்.ஆர்.ஐ. படத்தில் மங்கலாகத் தெரியும். தைமோமா கட்டி பொதுவாக அப்படி மங்காது.

நரம்புக் கட்டியா: கட்டி தண்டுவடப் பாதைக்குள் நுழைந்திருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். ஆபரேஷனுக்கு முன் இது மிக முக்கியம்.

இதுவே முடிவா?

இல்லை. நுரையீரலுக்குள் இருக்கும் சிறு கட்டிகளைப் பார்க்க சி.டி.தான் முதலில். புற்றுநோயா என்று உறுதி செய்ய, பெரும்பாலும் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி தேவைப்படும்.

போகும் முன் கவனிக்க

எம்.ஆர்.ஐ. என்பது சக்திவாய்ந்த காந்தம். பேஸ்மேக்கர் இருந்தாலோ, வெல்டிங், இன்ஜின் வேலையில் கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தாலோ, உடலில் தூண்டில் முள் ஒடிந்து தங்கியிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தாலும் மறைக்க வேண்டாம். படம் எடுக்கும்போது சில விநாடிகள் மூச்சை அடக்கச் சொல்வார்கள். சங்கு குளிப்பவர்களுக்கு இது புதிதல்ல!

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். சந்தேகங்களுக்கு 104 எண்ணை அழைக்கலாம். பழைய சி.டி. படங்களையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விவரம் கிடைக்கும்.