ஆட்டன்பரோ (குடும்பப் பெயர்)

ஆட்டன்பரோ என்பது இங்கிலாந்தில் அரிதாகக் காணப்படும் ஒரு குடும்பப் பெயர் ஆகும். நாட்டிங்காம்சயர் கவுண்டியில் டிரென்ட் ஆற்றங்கரையில் உள்ள ஆட்டன்பரோ என்னும் சிற்றூரின் பெயரிலிருந்து இது தோன்றியது.

பெயர்க் காரணம்

ஊர்ப்பெயர், பழைய ஆங்கிலத்தில் அட்டா என்பவருடன் தொடர்புடைய அரண் எனப் பொருள்படும். ஊர்ப்பெயர் வழிவந்த குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் அவ்வூரை விட்டு வெளியேறியவர்களுக்கே வழங்கின; ஊரிலேயே வாழ்ந்தோரை ஊர்ப்பெயரால் வேறுபடுத்த இயலாது.

பரம்பல்

இப்பெயர் நெடுங்காலமாக நாட்டிங்காம்சயரிலும் அதன் அயலிலுள்ள டார்பிசயரிலும் செறிந்திருந்தது.

மரபியல் ஆய்வு

இங்கிலாந்தில் குடும்பப் பெயர், ஒய் நிறப்புரியைப் போலவே, பொதுவாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜோப்ளிங் ஆகியோர் 40 குடும்பப் பெயர்களை ஆராய்ந்து 2009 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆய்வுக்குட்பட்ட ஆட்டன்பரோ ஆண்களில் 70%க்கும் மேற்பட்டோரின் ஒய் நிறப்புரிகள் ஒரே வகையாகவோ ஏறத்தாழ ஒத்தோ இருந்தன. இவர்களுள் பெரும்பாலோர் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்பதை இது காட்டுகிறது. தொழிலைக் குறிக்கும் சுமித் என்னும் பெயரைப் பலர் தனித்தனியே பெற்றதால், அதில் இத்தகைய ஒற்றுமை காணப்படவில்லை.

குறிப்பிடத்தக்கவர்கள்

* பிரெடரிக் ஆட்டன்பரோ – கல்வியாளர். ஆட்டன்பரோவுக்கு அண்மையிலுள்ள ஸ்டேபிள்ஃபோர்டில் பிறந்தவர். பின்னாளில் லெஸ்டர் பல்கலைக்கழகமான கல்லூரியின் முதல்வராக இருந்தார்.
* ரிச்சர்ட் ஆட்டன்பரோ (1923–2014) – பிரெடரிக்கின் மகன். காந்தி (1982) திரைப்படத்தின் இயக்குநர்.
* டேவிட் ஆட்டன்பரோ (பிறப்பு: 1926) – ரிச்சர்டின் தம்பி, இயற்கை வரலாற்றாளர். ஆட்டன்பரோ ஊரிலுள்ள இயற்கைக் காப்பகத்தை 1966 இல் திறந்து வைத்தவர் இவரே.