தில்லி உணவின் வரலாறு

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு கவலை அடிக்கடி பேசப்படுகிறது. குழந்தைகள் சோற்றை விட்டுச் சப்பாத்திக்குப் பழகிவிட்டார்கள். ரசத்தின் சுவை அடுத்த தலைமுறைக்குத் தெரியுமா என்பதே அது. இக்கவலைக்கு விடை காண, நாம் வாழும் இந்நகரம் இதுகாறும் எவற்றை உண்டு வந்திருக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பதினான்காம் நூற்றாண்டில், முகம்மது பின் துக்ளக் ஆட்சியில், இபன் பதூதா என்னும் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் தில்லிக்கு வந்தார். கொத்திய இறைச்சியுடன் வாதுமை, பிஸ்தா, வெங்காயம் முதலியவற்றைச் சேர்த்து, மெல்லிய மாவில் பொதிந்து, நெய்யில் பொரித்த பண்டமொன்று அரச விருந்தில் பரிமாறப்பட்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார். இன்று தெருமுனைகளில் விற்கும் சமோசாவின் முன்னோர் அதுவே. அதன் பிறப்பிடம் மேற்கு ஆசியா. இன்றைய சமோசாவினுள் இருக்கும் உருளைக்கிழங்கையோ, அக்காலத்தில் அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே எவரும் அறியார்.

அக்பர் காலத்தில் அபுல் பசல் இயற்றிய அயினி அக்பரியில் அரண்மனைச் சமையற் குறிப்புகள் பல உள்ளன. அரிசி, பருப்பு, நெய் மூன்றையும் சம அளவில் சேர்த்துச் செய்யும் கிச்சடி அவற்றுள் ஒன்று. அக்குறிப்புகளில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. மிளகாய், அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வாயிலாக இந்தியாவை அடைந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். தக்காளியும் அக்கண்டத்துச் செடியே. ஆகவே, நாம் தொன்மையானதெனக் கருதும் தக்காளி ரசமும் ஒரு காலத்தில் புதுமையாக இருந்ததுதான்.

தில்லியின் உணவை மிக விரைவில் மாற்றிய நிகழ்ச்சி 1947-ஆம் ஆண்டின் தேசப் பிரிவினை. 1941-இல் ஏறக்குறைய 9 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1951-இல் 17 லட்சத்தைக் கடந்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்து உடைமைகளை இழந்து வந்தோர் தங்கள் தந்தூர் அடுப்பை மறக்கவில்லை. அவர்கள் கிராமங்களில் பெண்கள் பிசைந்த மாவைப் பொது அடுப்புக்குக் கொண்டுசென்று ரொட்டி சுட்டு வருவது வழக்கம். அந்த அடுப்பு தில்லியின் புதிய குடியிருப்புகளிலும் உணவு விடுதிகளிலும் எரியத் தொடங்கியது. இன்று வெளியூரார் தில்லி உணவு என்று நாடிச் சுவைப்பதில் பெரும்பகுதி அவ்வகதிகள் கொணர்ந்ததே.

உணவு மாறுவதால் ஒரு மக்கள் கூட்டம் அழிந்துவிடுமா? அயர்லாந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அந்நாட்டார் முற்காலத்தில் பாலையும் வெண்ணெயையும் ஓட்ஸ் தானியத்தையும் உண்டு வாழ்ந்தவர்கள். பின்னர் வந்த உருளைக்கிழங்கு, சிறு நிலத்திலும் மிகுதியாக விளைந்ததால், நல்ல நிலமற்ற ஏழைகளுக்கு ஒரே உணவாயிற்று. 1845-இல் ஒருவகை நோய் அப்பயிரைத் தாக்கியது. தானியம் கப்பலேறி அயல்நாடு சென்றுகொண்டிருந்தபோதே ஏறக்குறைய 10 லட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டுச் சென்றனர். புதிய உணவு வந்தது கேடன்று; வறியவர்க்கு வேறு உணவே இல்லாமற் போனதுதான் கேடு. நியூயார்க்கில் குடியேறிய ஐரிஷ் மக்கள், தாயகத்துப் பன்றியிறைச்சிக்குப் பதிலாக அங்கு மலிவாகக் கிடைத்த உப்பிட்ட மாட்டிறைச்சியை முட்டைக்கோசுடன் சமைத்தனர். இன்று அமெரிக்காவில் அதுவே அவர்களுடைய பண்டிகை உணவு.

தமிழர் நிலையும் இத்தகையதே. 1911-இல் தில்லி தலைநகராகுமென அறிவிக்கப்பட்ட பின்னர், அரசாங்க அலுவல்களை நாடி வந்த நம்மவர் கரோல்பாக் முதலிய பகுதிகளில் குடியமர்ந்தனர். மார்கழிக் குளிரில் இட்டிலி மாவு புளிக்க மறுக்கும். பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி வைத்தார்கள். கோடையில் அதே மாவு விரைவில் புளித்துவிடும். அரைக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். இவ்வாறு காத்த இட்டிலியையும் தோசையையும் இன்று பஞ்சாபியரும் வங்காளியரும் விரும்பி உண்கின்றனர்.

எனவே, நம் பிள்ளைகள் சப்பாத்தி உண்பதைக் கண்டு நாம் வருந்தவேண்டுவதில்லை. மாவின் பதமும் ரசப்பொடியின் அளவும் ஏட்டில் எழுதி முடிவன அல்ல. கையால் செய்து பழகுவன. அப்பழக்கத்தை மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் அடுப்பருகே நிறுத்திக் கற்பிப்பதே நாம் செய்யத்தக்க காரியம்.